தூக்கம் வருதாம்மா?



செவ்வாய்க்கிழமை காலையில் பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரண்டு மாவட்டங்களின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் கர்ப்பிணிகள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எடை பார்ப்பார்கள், பிரஷர் பார்ப்பார்கள், ரத்தம் எடுப்பார்கள். கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கான பிக்மி எண் உண்டு, அயர்ன் மாத்திரை உண்டு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தில் 18,000 ரூபாய் உதவி உண்டு. இத்தனையும் ஒழுங்காக நடக்கிற இடத்தில் ஒரு கேள்வி மட்டும் அபூர்வமாகத்தான் காதில் விழுகிறது: “ராத்திரி தூக்கம் வருதாம்மா?”

வீட்டில் சொன்னாலோ பதில் தயாராக இருக்கும். “புள்ளத்தாச்சின்னா அப்படித்தான்.”

அது பாதி உண்மை. கருப்பை பெருத்துச் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் இரவில் நாலு முறை எழுந்திருக்க வேண்டும். நெஞ்சு கரிக்கும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், வயிற்றுக்குள் பிள்ளை புரளும். இவை பிரசவத்தோடு போய்விடும். ஆனால் படுத்ததும் கால் குடைச்சல் எடுத்து, காலை அசைத்துக்கொண்டே இருந்தால்தான் நிம்மதி என்று ஒரு பெண் சொன்னால், அங்கே இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ரத்தசோகை. மூலையில் பிரிக்காமல் கிடக்கிற அயர்ன் மாத்திரை அட்டைக்கும் இரவுத் தூக்கத்துக்கும் இப்படியொரு தொடர்பு இருப்பதைப் பல வீடுகளில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மீதிப் பாதிதான் கவலைக்குரியது. தொந்தரவு எதுவும் இல்லை, அறை இருட்டாக இருக்கிறது, உடம்பு களைத்திருக்கிறது, ஆனாலும் கண் மூடவில்லை. வாரத்தில் மூன்று இரவாவது இப்படிப் போய், அது மூன்று மாதம் நீடித்தால் நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் பெயர் வைக்கிறது. கர்ப்பிணிக்கு மூன்று மாதம் என்பது கர்ப்பகாலத்தில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு நாள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

தூக்கம் கெட்ட இரவுகளுக்குப் பின்னால் மனச்சோர்வும் இருக்கலாம். வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி (சி.எம்.சி.) மருத்துவர்கள் 359 கிராமத்துப் பெண்களைக் கடைசி மூன்று மாதக் கர்ப்பத்திலும், பிள்ளை பெற்ற 6 முதல் 12 வாரத்துக்குள்ளும் சந்தித்தார்கள். ஆய்வு 2002இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிறகு 11 சதவீதம் பேருக்குப் புதிதாக மனச்சோர்வு வந்திருந்தது. வறுமை, கர்ப்பகாலத்தில் நேர்ந்த துயரங்கள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கை உதவிக்கு ஆளில்லாமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது ஆகியவை ஆபத்தைக் கூட்டின. இந்தியா முழுவதும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வந்த கட்டுரை, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு 22 சதவீதம் என்று மதிப்பிட்டது.

“மனசு சரியில்லை” என்று ஆஸ்பத்திரியில் சொல்ல நம் பெண்கள் தயங்குவார்கள். ‘பைத்தியம்’ என்று ஊர் பேசிவிடுமோ என்ற பயம். “தூக்கமே இல்லீங்க” என்று சொல்ல அந்தக் கூச்சம் கிடையாது. தாயின் மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எடின்பரோ வினாத்தாளின் பத்துக் கேள்விகளில் ஒன்று, மகிழ்ச்சியின்மையால் தூக்கம் கெட்டதா என்பதுதான். அந்த வினாத்தாள் தமிழிலும் இருக்கிறது. ஆகவே தூக்கத்தை விசாரித்தால் மனத்தையும் விசாரித்ததாகும். கேட்க ஒரு நிமிடம் போதும்.

உடனே, “மெடிக்கல்ல ஒரு மாத்திரை வாங்கிக் கொடுத்திடலாமே” என்று யாராவது கிளம்பிவிடக் கூடாது. 1957இல் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகளின் வாந்திக்கும்கூட நல்லது என்றார்கள். 1961 நவம்பரில் அதைத் திரும்பப் பெறுவதற்குள், உலகம் முழுவதும் 10,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் கைகால் வளர்ச்சி குன்றிப் பிறந்துவிட்டன. அமெரிக்காவில் பிரான்சஸ் கெல்சி என்ற அதிகாரி, ஆதாரம் போதாது என்று அனுமதி மறுத்து அந்நாட்டுக் குழந்தைகளைக் காத்தார். அதற்காக எல்லா மருந்தும் விஷம் என்று சொல்லிவிடவும் முடியாது. ஏற்கெனவே மனநல மருந்து சாப்பிடும் பெண் கர்ப்பமானதும் தானாக நிறுத்திவிடுவதும் ஆபத்துதான். எது தேவை, எது வேண்டாம் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

மாத்திரை இல்லாத சிகிச்சை ஒன்று இருக்கிறது. தூக்கமின்மைக்கான அறிதல்-நடத்தைச் சிகிச்சை என்று பெயர். பெரியவர்களின் நாள்பட்ட தூக்கமின்மைக்கு இதைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் பரிந்துரைத்தது. பெயர்தான் பெரிது, காரியம் எளிது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழ வேண்டும். தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது மட்டும் பாயில் படுக்க வேண்டும். புரண்டுகொண்டே கிடந்தால், எழுந்து வேறிடத்தில் அமைதியாக உட்கார்ந்துவிட்டு, மறுபடி சொக்கும்போது திரும்ப வேண்டும். “இன்னைக்கும் தூங்கலேன்னா பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோ” என்ற பயத்தை ஆலோசகரோடு பேசி, அலசி, இறக்கிவைக்க வேண்டும். படுக்கும் நேரத்தைச் சுருக்கும் பகுதி ஒன்றும் இதில் உண்டு; அதைக் கர்ப்பிணிகளுக்குத் தளர்த்தியே கடைப்பிடிப்பார்கள்.

அமெரிக்காவில் 208 கர்ப்பிணிகளை வைத்து, இந்தச் சிகிச்சையைக் கணினி, கைப்பேசி வழியாகத் தந்து பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களைவிட இவர்களுக்குத் தூக்கம் நன்றாகத் தேறியது என்பது 2020இல் வெளியான முடிவு. கனடாவில் நடந்த இன்னொரு ஆய்வில், கர்ப்பத்தில் இச்சிகிச்சை பெற்றவர்களுக்குப் பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வின் அறிகுறிகளும் குறைந்திருந்தன.

அந்த ஊர்களில் தனி அறை இருக்கும், ஏ.சி. இருக்கும்; இங்கே நடக்குமா என்று கேட்பீர்கள். நியாயம்தான். வைகாசி வெக்கையில் பெரம்பலூரில் யாருக்குத்தான் தூக்கம் வரும்? அரியலூரில் சுண்ணாம்புக்கல் லாரி போகும் சாலையோரத்து வீட்டில் இரவு ஏது? அதனால்தான் கணியம்பாடி ஆய்வு சொன்ன ‘கை உதவிக்கு ஆள்’ நமக்கு முக்கியம். மக்காச்சோளக் காட்டில் வேலை பார்த்துவிட்டு வருகிற பெண்தான் பத்து மணிக்குப் பாத்திரமும் தேய்க்க வேண்டுமா? காற்று வருகிற இடத்தில் அவள் பாயைப் போட்டுக்கொள்ளட்டும், கணவன் பாத்திரம் தேய்க்கட்டும். ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டுத் தாய்வீட்டுக்கு அனுப்பும்வரை ஓய்வு காத்திருக்க வேண்டியதில்லை.

அரியலூரில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. கிராம சுகாதார செவிலியர்கள் வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அவர்களுடைய கேள்விகளோடு தூக்கத்தையும் சேர்க்கச் சொல்லி நாம் இரண்டு மாவட்ட ஆட்சியர்களுக்கும் மனு கொடுக்கலாம். அதுவரை கையில் இருப்பது மனநல ஆலோசனைக்கான 14416 என்ற தொலைபேசி எண். இலவசம், எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்று ஒரு கர்ப்பிணி வாய்விட்டுச் சொன்னால் மட்டும், விடியட்டும் என்று இருக்காமல், ஒருவர் கூடவே இருந்து அந்த இரவே அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள்.