ராஸ் தீவின் மாளிகை



சரக்குச் சீட்டுகளோடு காலங்கழிக்கும் எமக்கு வரலாறு பேசும் தகுதி இல்லை. விடுப்புப் பயணச் சலுகையில் நம் குடியிருப்பினர் சிலருடன் அந்தமானுக்குச் சென்றிருந்தோம். ஆங்குக் கண்ட ஒரு மாளிகையைப் பற்றி மட்டும் கூற விழைகின்றோம்.

1858 மார்ச்சுத் திங்களில் வாக்கர் என்னும் அதிகாரி இருநூறு கைதிகளுடன் வந்திறங்கினார். முதலில் தங்கிய சாத்தம் தீவில் குடிநீர் போதவில்லை. ஆகவே ராஸ் தீவைத் தேர்ந்தனர். அடர்காட்டை வெட்டியவர்களும் மண் சுமந்தவர்களும் கைதிகளே. பிற்காலத்தில் சென்னை மாகாணத்தினின்றும் பலர் அனுப்பப்பெற்றனர். நம் மொழி பேசியோரும் அவர்களுள் இருந்திருப்பர்.

அத்தீவின் மேட்டில் எழுந்ததே தலைமை ஆணையர் மாளிகை. கூம்பிய கூரை, நடனக்கூடம், சுற்றிலும் புல்வெளி, பூந்தோட்டம், கடலை நோக்கிய நடைபாதை! அருகே மாதா கோயில், ரொட்டி அடுமனை, நீச்சற்குளம். 1906-இல் எதிர்க்கரையில் செல்லுலார் சிறை கட்டி முடிந்தது. தோட்டத்தில் உலாவியவர் கண்ணுக்கு அது தப்பியிராது.

1941 ஜூன் 26-ஆம் நாள் நிலநடுக்கம் வந்தது. மறு ஆண்டு மார்ச்சில் சப்பானியர் வந்தனர். 1943 இறுதியில் நேதாசி அந்தமான் மண்ணில் கொடியேற்றினார்; 2018 முதல் தீவு அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. போருக்குப் பின் ஆட்சித் தலைமையிடம் இத்தீவுக்குத் திரும்பவில்லை.

இன்று மாளிகைக்குக் கூரை இல்லை. ஆலின் இனத்து மரங்கள் சுவரைப் பிளந்தன. அவற்றின் வேர்களே சுவரை விழாமல் பிடித்தும் நிற்கின்றன! புல்வெளியில் மான்கள் மேய்கின்றன. எம் அலுவலகத்தில் ஒரு சாவி கைமாறினாலும் கையெழுத்து வேண்டும். ஆணையர்களின் பெயர்கள் நூல்களில் உள. அத்தோட்டத்தை ஆக்கியவன் பெயரை யாம் கண்ட பலகை எதிலும் காணோம்.

உடன் வந்த மூத்த நண்பர் ஒருவர், அவ்வாண்டே ஓய்வு பெறவிருந்தவர், அவ்வேர்களின் முன் நெடுநேரம் நின்றார். அவர் குடியிருந்த வீட்டின் பின்புறம் அவர் வைத்த மாமரத்தை நீங்கள் யாவரும் அறிவீர்கள். "அடுத்து வருபவர் தண்ணீர் ஊற்றுவாரா?" என்று கேட்டார். யாம் விடை கூறுமுன் படகு ஊதிவிட்டது. அம்மரம் இவ்வாண்டும் காய்த்திருக்கின்றது.