பிள்ளையோடு மட்ச் பார்க்கப் போகிறவர்களுக்கு



கடந்த சில வாரங்களாக நிலையத்துக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்ததாம். "பிள்ளை மைதானத்துக்குப் போய் மட்ச் பார்க்க வேணும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். விடலாமோ?" சில தாய்மார் மகளுக்காகவும் கேட்டிருக்கிறார்கள். நான் சட்டம் படித்தவனும் இல்லை, பந்தடித்துப் பெயர் எடுத்தவனும் இல்லை. இரண்டு பிள்ளைகளோடு இலண்டன் மைதானங்களுக்குப் பல வருடமாகப் போய்வருகிற ஒரு தகப்பன். அந்த அளவில்தான் இன்று உங்களோடு கதைக்கப் போகிறேன்.

எங்கள் ஆட்களுக்கு உதைபந்தாட்டம் புதிதில்லை. குருநகர், நாவாந்துறை, மன்னார்ப் பக்கத்து ஆட்களைக் கேட்டால் விடிய விடியச் சொல்லுவார்கள். கோட்டுக்கு வெளியே ஊரே திரண்டு நிற்கும். ஆனால் அதே மனிதர் இங்கே வந்தபிறகு வீட்டுக்குள் ரீவியில் மட்டும்தான் பார்க்கிறார். மைதானம் என்றால் ஒரு பயம். அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. 1983 க்குப் பிறகு நாங்கள் இந்த நாட்டுக்கு வந்துசேர்ந்த காலம், இங்கிலாந்தின் மைதானங்களுக்கு மிகக் கெட்ட காலம். மைதான வாசல்களில் தேசிய முன்னணி என்ற இனவாதக் கட்சியினர் நின்று பத்திரிகை விற்றார்கள். கறுப்பின விளையாட்டு வீரர்களுக்கு வாழைப்பழம் எறிந்தார்கள். 1985 மே மாதம் பிராட்போர்ட் மைதானத்தில் தீப்பிடித்து 56 பேர் இறந்தார்கள். அதே மாதக் கடைசியில் பிரசெல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் 39 பேர். 1989 ஏப்ரல் 15 இல் ஹில்ஸ்பரோவில் நெரிபட்ட லிவர்பூல் ஆதரவாளர்களில் 97 பேர் உயிரிழந்தார்கள். சனிக்கிழமை மட்ச் முடிகிற நேரத்தில் கடைக்குப் போகாமல் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஆமி வருகிறான் என்றால் ஊரில் எப்படி இருந்தோமோ, அப்படி.

ஆனால் இன்றைக்குள்ள மைதானம் அது அல்ல. ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி ரெய்லரின் அறிக்கை 1990 இல் வந்தபிறகு, மேல்மட்டப் பிரிவுகளின் மைதானங்களில் எல்லோருக்கும் கதிரை என்று ஆக்கினார்கள். கமரா வந்தது. ஒவ்வொரு இருக்கைக்கும் இலக்கம் வந்தது. யார் எங்கே இருக்கிறார் என்பது கழகத்துக்குத் தெரியும். இனவாதம் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. 2021 யூலையில் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் தண்டனை உதையைத் தவறவிட்ட ரஷ்போர்ட், சாஞ்சோ, சாகா மூவரையும் இணையத்தில் என்ன பாடு படுத்தினார்கள் என்பதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். மாறியது என்னவென்றால், அப்படிப் பேசுகிறவனைப் பிடிக்க இப்போது வழி இருக்கிறது. அந்த வழி எங்கள் ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கிறது.

அதற்கு வரமுன், முதல் தடவை எங்கே போவது? பெரிய கழகத்தின் பெரிய மட்சில் தொடங்க வேண்டாம். ரிக்கற் கிடைப்பதும் கஷ்டம், விலையும் கூட, சத்தமும் கூட. பெண்கள் மட்சுக்குப் போங்கோ. 2022 யூலை 31 இல் வெம்பிளியில் நடந்த பெண்கள் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்துக்கு 87,192 பேர் வந்தார்கள். அதற்குப் பிறகு பெண்கள் ஆட்டத்துக்குச் சனம் பெருகியிருக்கிறது, என்றாலும் ரிக்கற் இன்னும் கைக்கெட்டும் விலையில் இருக்கிறது. குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இல்லையென்றால் கீழ்ப்பிரிவுக் கழகங்கள். தெற்கு இலண்டனில் உள்ள எங்கள் ஆட்களுக்கு விம்பிள்டன் கழகம் கிட்ட. தங்கள் கழகத்தை மில்ரன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோகிறார்கள் என்றதும் ஆதரவாளர்களே சேர்ந்து 2002 இல் புதிதாகத் தொடங்கிய கழகம் அது. 2020 இல் தங்கள் பழைய இடமான ப்ளவ் லேனுக்குத் திரும்பி வந்தார்கள். இடம்பெயர்ந்து ஊர் திரும்புவது என்றால் என்னவென்று எங்களுக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. கிழக்கில் லெய்ரன் ஓரியன்ற் இருக்கிறது.

ரிக்கற் வாங்கும்போது குடும்பப் பகுதி என்று கேட்டு வாங்குங்கோ. அநேகமான கழகங்களில் உண்டு. வெளியூர் அணிக்கென்று ஒதுக்கிய பகுதியில் சனம் தொண்ணூறு நிமிடமும் எழும்பி நிற்கும். சின்னப்பிள்ளைக்கு முன்னால் நிற்பவரின் முதுகுதான் தெரியும். இன்னொன்று, வெளியூர் அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு உள்ளூர்க்காரர் பகுதியில் போய் இருக்காதேங்கோ. சண்டை வருகுதோ இல்லையோ, ஊழியர் வந்து வெளியே அனுப்பலாம். காசும் திரும்பாது.

முகப்புத்தகத்திலோ வட்ஸ்அப்பிலோ "என்னிடம் இரண்டு ரிக்கற் இருக்கு" என்று சொல்லுகிறவரிடம் வாங்கவே வேண்டாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1994 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அனுமதி இல்லாத ஒருவர் உதைபந்தாட்ட ரிக்கற் விற்பதே குற்றம். வாங்கிய விலைக்கே கொடுத்தாலும் குற்றம்தான். இப்போது ரிக்கற் கைத்தொலைபேசிக்குள் வருகிறது. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பிக் காசு வாங்குகிறார்கள். வாசலில் முதலில் போகிறவர் உள்ளே போவார், மற்ற ஒன்பது பேரும் பிள்ளையோடு வெளியே நிற்பார்கள். வங்கிக்கு நேரே காசு போடச் சொன்னால் அங்கேயே கதையை முடியுங்கோ. போக முடியாதவர்கள் ரிக்கற்றைத் திருப்பிக் கொடுத்து விற்க அநேக கழகங்களே வழி வைத்திருக்கின்றன. அதில் பாருங்கோ. ரயில் ரிக்கற்றையும் அவசரப்பட்டு வாங்காதேங்கோ. ரீவிக்காரர் கேட்டால் சனிக்கிழமை மட்ச் ஞாயிறுக்கோ திங்களுக்கோ மாறும்.

இனி முக்கியமான விசயம். பக்கத்திலோ பின்னாலோ இருக்கிற ஒருவன் உங்களையோ பிள்ளையையோ விளையாடுகிற ஒருவரையோ நிறத்தைச் சொல்லி ஏசுகிறான் என்று வையுங்கோ. எங்கள் ஆட்களில் இரண்டு விதம். ஒருவர் கேளாதமாதிரி இருந்துவிட்டு, வீட்டுக்குப் போய் இனி மைதானமே வேண்டாம் என்பார். மற்றவர் எழும்பிச் சட்டையைப் பிடிப்பார். இரண்டும் வேண்டாம். சட்டையைப் பிடித்தால் பொலிஸ் இருவரையும்தான் கொண்டுபோகும். மஞ்சள் அல்லது செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஊழியர் படிக்கட்டில் நிற்பார், ஸ்ரூவேட் என்று சொல்வார்கள். அவரிடம் போய் அந்த மனிதனின் பகுதி, வரிசை, இருக்கை இலக்கத்தைச் சொல்லுங்கோ. இருக்கை இலக்கம்தான் முக்கியம், ஏனென்றால் ரிக்கற் யாருடைய பெயரில் இருக்கிறதென்று கழகத்துக்குத் தெரியும், கமராவையும் திருப்பிப் பார்க்கலாம். எழும்பிப் போகப் பயமாக இருந்தால், பல கழகங்களில் குறுஞ்செய்தி அனுப்ப ஓர் இலக்கம் இருக்கும். மட்ச் தொடங்கமுன் அதைப் பார்த்துக் குறித்து வையுங்கோ. 1993 இல் தொடங்கிய கிக் இற் அவுட் என்ற அமைப்புக்கும் முறையிடலாம். 1991 ஆம் ஆண்டுச் சட்டம் மைதானத்தில் இனவாதக் கோஷத்தைக் குற்றமாக்கியது. முதலில் கூட்டமாகக் கத்தினால்தான் குற்றம் என்று இருந்தது. 1999 இல் திருத்தி, தனியொருவன் திரும்பத் திரும்பச் சொன்னாலும் குற்றம் என்று ஆக்கினார்கள். ரயிலில் நடந்தால் 61016 என்ற இலக்கத்துக்கு எழுதி அனுப்பினால் ரயில்வே பொலிசாருக்குப் போகும். ஆபத்து என்றால் 999 தான்.

எனக்கு ஒருதடவை இது நடந்தது. எந்தக் கழகம் என்பது வேண்டாம். பின்வரிசையில் இருந்த ஒருவர் மகளுக்குக் கேட்கத்தக்கதாகவே சொன்னார். நான் எழும்ப முன்னமே, எங்களுக்கு முன்னால் இருந்த ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா எழும்பிப் போய் ஸ்ரூவேட்டைக் கூட்டிக்கொண்டு வந்தா. அந்த ஆளை இடைவேளைக்குள் வெளியே கொண்டுபோனார்கள். மகளுக்கு அப்போது ஒன்பது வயது. "அவரை ஏன் கொண்டுபோகினம்?" என்று கேட்டாள். அவர் பிழையாகக் கதைத்தவர், அதனால் என்றேன். அவ்வளவுதான், பிறகு மட்சைப் பார்த்தாள்.

அடுத்தது, பதினாறு பதினெட்டு வயதுப் பெடியன்மார் சிநேகிதரோடு தனியே போகிற வீடுகள். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கோ. கோல் அடித்த சந்தோசத்தில் வேலியைத் தாண்டி ஆடுகளத்துக்குள் ஓடினால், அது குற்றம். கையில் இருக்கிற போத்தலையோ நாணயத்தையோ எறிந்தால் குற்றம். கலர்ப்புகை விடுகிற குழாயைக் கொளுத்தக்கூடத் தேவையில்லை, மைதானத்துக்குள் பையில் வைத்திருந்தாலே குற்றம். சிநேகிதன் "இதைக் கொஞ்சம் உன் பையில் வை" என்று தருவான். பிடிபடுவது எங்கள் பிள்ளை. வெறியில் உள்ளே போக முயல்வதும் குற்றம்தான். ஆண்களின் மேல்மட்ட மட்சுகளில் ஆடுகளம் தெரிகிற இடத்தில் இருந்து மது குடிப்பதை 1985 ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது.

இப்படிப் பிடிபட்டுக் குற்றவாளியானால் நீதிமன்றம் அபராதத்தோடு விடாமல் உதைபந்தாட்டத் தடைக் கட்டளையும் போடலாம். சிறைக்கு அனுப்பாத வழக்கில் குறைந்தது மூன்று வருடம், கூடியது ஐந்து வருடம். சிறைக்கு அனுப்பினால் பத்து வருடம் வரை போகும். இங்கிலாந்து அணி வெளிநாட்டில் விளையாடும் நாட்களில் கடவுச்சீட்டைப் பொலிசில் ஒப்படைக்கச் சொல்வார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு இது ஒரு வெட்கக்கேடு. எங்கள் வீடுகளில் சிலருக்கு அதைவிடப் பெரிசு. இன்னும் வீசாவோடு இருக்கிற பிள்ளைகள் உண்டு. குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. அந்த விண்ணப்பத்தில் நன்னடத்தை என்று ஒரு பகுதி இருக்கிறது. அதில் எந்தத் தண்டனையையும் மறைக்காமல் எழுத வேண்டும். பத்து வருடம் கடிதத்துக்கும் லோயருக்கும் அலைந்து எடுத்த வதிவிடத்தை இருபது விநாடி ஓட்டத்துக்காகச் சிக்கலில் மாட்டக்கூடாது. இதை ஏசிச் சொல்லாமல், மட்சுக்குப் போகமுன் மேசையில் இருத்தி வைத்துச் சொல்லுங்கோ. ஏதும் நடந்துவிட்டால், பொலிஸ் நிலையத்தில் லோயர் இலவசமாகக் கிடைப்பார் என்பதையும் சொல்லி வையுங்கோ. லோயர் வராமல் எதற்கும் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டாம். "ஏற்றுக்கொண்டால் இப்பவே வீட்டுக்குப் போகலாம்" என்று வருவதும் சில நேரம் பதிவிலே நிற்கும்.

பந்தயக் காசைப் பற்றியும் ஒரு சொல். ஐந்து மட்சைச் சேர்த்து ஐந்து பவுண் கட்டினால் ஐந்நூறு வரும் என்று பெடியன்மார் தொலைபேசியில் தட்டுகிறார்கள். பிரிமியர் லீக் கழகங்களே 2023 ஏப்ரலில், 2025-26 பருவகால முடிவோடு சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனப் பெயர் போடுவதை விடுவதாக உடன்பட்டன என்றால், நிலைமை எப்படி என்று யோசியுங்கோ. இது பெடியன்மாரின் நோய் மட்டுமில்லை. சீட்டுக் காசைக் கொண்டுபோய்க் கட்டிய பெரியவர்களும் இருக்கினம். வீட்டில் யாருக்காவது தொல்லை என்றால் 0808 8020 133 என்ற இலக்கத்துக்கு இலவசமாக எடுக்கலாம், இரவு பகல் எந்நேரமும்.

களவாக மட்ச் பார்க்கிற பெட்டியைப் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அது மலிவு இல்லை. 2023 மே மாதம் அப்படியொரு சேவை நடத்திய ஐந்து பேருக்கு மொத்தம் முப்பது வருடத்துக்கு மேல் சிறை கிடைத்தது. வங்கி அட்டை விபரத்தை முகம் தெரியாதவனுக்குக் கொடுக்கிறோம் என்பதை நினைவில் வையுங்கோ.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும் மட்சும் மோதுகிறதே என்று ஓர் ஆசிரியை கவலைப்பட்டிருந்தா. எனக்கும் அது கவலைதான். என் வீட்டில் நான் செய்வது: தமிழ் வகுப்புக்கு ஒழுங்காகப் போனால் மாதத்தில் ஒரு மட்ச். போகும் வழியில் ரயிலில் இருந்து ஆட்டத்தைத் தமிழில் சொல்லச் சொல்லுவேன். மூலை உதை, தண்டனை உதை, பந்துக்காப்பாளர் எல்லாம் இப்போது தண்ணி பட்ட பாடு. வேல்ஸில் பிறந்த தமிழ்ப் பிள்ளை விமல் யோகநாதன் 2024 இல் பார்ன்ஸ்லி கழகத்தின் முதல் அணிக்கு இறங்கியபோது, அந்தப் பெயரைப் பிழையில்லாமல் உச்சரித்தது எங்கள் வரவேற்பறையில்தான்.

குளிருக்கு இரண்டு சோடி மேஸ் போடுங்கோ, சப்பாத்துக்குள் ஈரம் போகாமல் பாருங்கோ. நின்றால் தெரியாத குளிர் இருந்தால் தெரியும். சின்னப்பிள்ளையின் கையில் உங்கள் தொலைபேசி இலக்கத்தைப் பேனையால் எழுதி விடுங்கோ. ரிக்கற்றே தொலைபேசிக்குள் இருப்பதால் அதற்கு முழுதாகச் சார்ஜ் ஏற்றுங்கோ. பெரிய பை கொண்டுபோக வேண்டாம், பல இடங்களில் ஏ4 கடுதாசி அளவுக்கு மேல் விடமாட்டார்கள். மட்ச் முடிந்த கையோடு நிலையத்துக்கு ஓடாமல் இருபது நிமிடம் இருக்கையிலேயே இருந்தால் நெரிசல் குறையும்.

கடைசியாக, சாப்பாடு கட்டிக்கொண்டு போகலாமோ என்று ஓர் அம்மா கேட்டிருந்தா. அநேகமாகப் போகலாம், கழகத்தின் விதியை ஒருக்கால் பாருங்கோ. கண்ணாடிப் போத்தலும் ரின்னும் விடமாட்டார்கள். தண்ணீர்ப் போத்தலின் மூடியை வாசலில் கழற்றி எடுப்பார்கள். ரோல்ஸ் நல்லது, கை அழுக்காகாது. இரண்டு கூடவே கட்டுங்கோ, இடைவேளையில் பக்கத்து இருக்கைக்காரர் என்ன மணக்குது என்று கேட்பார்.