மிடறு
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

அவைத்தலைவர் அவர்களே, வட்டத்தின் மூத்த உறுப்பினர்களே, கவிஞர் பெருமக்களே, வாயிற்கதவருகே நாற்காலி போடச் சொல்லி அமர்ந்திருக்கும் என் துணைவியாரே.

அழைப்பிதழில் என் உரைக்கு 'இலக்கியத்தில் விருந்தோம்பல்' என்று தலைப்பிட்டிருக்கிறார்கள். அதனை மாற்றிக்கொள்ள அவையின் இசைவை வேண்டுகிறேன். குறிப்பெடுக்க உட்கார்ந்தபோது ஓர் உண்மை குறுக்கே வந்து நின்றது. ஒருவர் எப்படி உண்கிறார் என்பதை நான் உற்று நோக்கத் தொடங்கியதே என் அறுபத்தோராம் வயதில்தான். அத்தகைய ஒருவன் விருந்தோம்பலைப் பற்றி இந்த மேடையில் என்ன பேசிவிட முடியும்? எனவே மிடறு என்னும் சொல்லைப் பற்றிப் பேசுகிறேன்.

மிடறு என்றால் தொண்டை. நஞ்சுண்டு கறுத்த மிடற்றினைப் பாடாத சைவ இலக்கியம் இல்லை. ஒரு மிடறு தண்ணீர் என்றால் ஒருமுறை விழுங்கும் அளவு. உறுப்புக்கும் அளவுக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் இச்சொல்லுக்குப் பொருள் சொன்னேன். அதன் பொருள் எனக்குத் தெரியவந்தது 2022ஆம் ஆண்டில், மதுரையில் ஒரு மருத்துவமனையின் நான்காம் தளத்தில்.

என் துணைவியாருக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். இதைச் சொல்ல அவரிடம் இசைவு பெற்றே வந்திருக்கிறேன். "எல்லாத்தையும் சொல்லுங்க, குழாயை மட்டும் சொல்லிராதீங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "அதையும் சொல்லுங்க, யாருக்காச்சும் ஆகும்" என்றார்.

2021ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பே அவர், "சோறு எறங்க மாட்டேங்குது, நெஞ்சுல நிக்கிது" என்று ஓரிரு முறை கூறியிருந்தார். வாய்வாக இருக்கும், சுக்குக் காப்பி குடி என்றேன். நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் உண்பவர்கள். அடுக்களையில், பாத்திரங்களுக்கு நடுவே, யாரும் பார்க்காத நேரத்தில் உண்பவர்கள். எனவே அவர் சப்பாத்தியை விட்டதும், பிறகு இட்லியைச் சாம்பாரில் கரைத்ததும், பிறகு ஒவ்வொரு கவளத்திற்கும் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததும் நான் அறியாமலே நடந்தன. பொங்கலன்று பேரப்பிள்ளைதான், "ஆச்சி சோத்தைக் குடிக்கிறாங்க" என்று சிரித்துக்கொண்டே சொன்னான். அதற்குள் அவர் ஒன்பது கிலோ எடை குறைந்திருந்தார்.

எரியோட்டிலிருந்து திண்டுக்கல்லுக்கு அழைத்துச் சென்றேன். எண்டோஸ்கோப்பி செய்த மருத்துவர் பல்வரிசையிலிருந்து இருபத்தேழாவது சென்டிமீட்டரில் கட்டி இருப்பதாகக் குறித்துக் கொடுத்தார். உணவுக்குழாய் ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமே உடையது. நன்கு விரிந்து கொடுக்கும் இயல்புடையதாதலால், உள்வழி பெரிதும் குறுகிய பிறகுதான் தடை வெளியே தெரிகிறது. திடப்பொருள் நிற்கத் தொடங்கிய அன்றே போயிருக்க வேண்டும். இதனை என் குற்றமாகவே இந்த அவையில் பதிவு செய்கிறேன்.

காரணம் கேட்டவர்கள் பலர். புகையிலை, வெற்றிலைபாக்கு, மது ஆகியவற்றைச் சொல்வார்கள். அவர் எதையும் தொட்டவரல்லர். காப்பியைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பார். 65 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பருகும் பானங்களால் உணவுக்குழாய்ப் புற்று வரக்கூடும் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியிருக்கிறது. ஆனால் இவருக்கு அதுதான் காரணம் என்று எந்த மருத்துவரும் சொல்லவில்லை. காரணம் கேட்பவர்களுக்கு நான் ஒரு கட்டத்தில் விடை சொல்வதையே நிறுத்திவிட்டேன். கேள்வியின் அடியில் 'இவர் என்ன தவறு செய்தார்' என்பது ஒளிந்திருந்தது.

மருத்துவம் மூன்று படிகளாக நடந்தது. முதலில் ஐந்து வாரங்கள் கதிரும் மருந்தும், பிறகு சில வார ஓய்வு, பிறகு அறுவை. இம்முறை அறுவையை மட்டும் செய்வதைவிடப் பயன் தருவதை நெதர்லாந்தில் நடந்த ஆய்வொன்று 2012இல் காட்டியது என்றும், இன்று பல நாடுகளில் இதையே பின்பற்றுகிறார்கள் என்றும் விளக்கினார்கள். மருத்துவமனை அருகே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தோம். ஓய்வூதியர் காப்பீடு அறுவைச் செலவின் பெரும்பகுதியைத் தாங்கியது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பலரை முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை தாங்கியது. அறை வாடகையை எதுவும் தாங்கவில்லை.

அறுவை என்றால் என்ன தெரியுமா? உணவுக்குழாயின் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இரைப்பையையே ஒரு குழாயாகத் தைத்து, மார்பின் வழியே மேலே இழுத்துக் கழுத்தில் இணைக்கிறார்கள். 1913இல் நியூயார்க்கில் பிரான்ஸ் டோரெக் என்னும் அறுவை மருத்துவர் மார்பின் வழியே உணவுக்குழாயை முதன்முதலில் வெற்றியோடு நீக்கியபோது, இப்படி இணைக்கும் வழி அவருக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு துளை, வயிற்றில் ஒரு துளை. இரண்டையும் உடம்புக்கு வெளியே ஒரு ரப்பர்க் குழாயால் இணைத்தார். நோயாளி ஒரு மூதாட்டி. அந்த ரப்பர்க் குழாயைச் செருகி உண்டு, அதன்பின் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். மருத்துவ வரலாறு டோரெக்கின் பெயரைக் காத்து வைத்திருக்கிறது. அந்த மூதாட்டியின் குழாயை நாள்தோறும் யார் கழுவினார்கள் என்பதை நான் எங்கும் படித்ததில்லை.

திருக்குறளில் மருந்து என்னும் 95ஆம் அதிகாரத்தின் கடைசிக் குறளை நீங்கள் அறிவீர்கள். மருத்துவத்தின் நான்கு கூறுகளை வள்ளுவர் எண்ணுகிறார். நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றுக்குப் பிறகு வருபவன் உழைச்செல்வான். உழை என்றால் பக்கம், பக்கத்திலேயே இருப்பவன். மருந்தினைப் பிழையாமல் இயற்றுபவன் என்பது பரிமேலழகர் கொள்ளும் பொருள். அந்தப் 'பிழையாமல்' என்ற சொல்லில்தான் நான் அகப்பட்டுக்கொண்டேன்.

அறுவைக்குப்பின் ஆறாம் நாள் விடியற்காலை அவருடைய தலையணை உறை ஈரமாக இருந்தது. வியர்வை என்று நினைத்திருப்பேன். ஆனால் ஈரம் கழுத்தின் இடப்பக்கத்தில் மட்டும் இருந்தது. தையலோரம் சிவந்திருந்தது. செவிலியரை அழைத்தேன். இணைப்பு கசிந்து உமிழ்நீர் வெளியே வந்துகொண்டிருந்தது. மார்புக்குள் கசிந்திருந்தால் உயிருக்கே இடர். கழுத்தில் கசிவது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும், பொறுத்திருங்கள் என்றார்கள். பொறுத்திருந்தது இருபத்திரண்டு நாட்கள். அந்நாட்களில் வாய்வழியாக ஒரு சொட்டு நீரும் இல்லை. சிறுகுடலில் நேரே செருகிய மெல்லிய குழாய் வழியேதான் உணவு.

அவர் சொல்ல வேண்டாம் என்ற குழாய் இதுதான். வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம் இருந்தது. உணவு செலுத்துவதற்கு முன்னும் பின்னும் ஊசிக்குழலால் தண்ணீர் ஏற்றி அதைக் கழுவ வேண்டும். ஒருநாள் இரவு மாத்திரையைச் சரியாகப் பொடிக்காமல் கரைத்து விட்டுவிட்டேன். குழாய் அடைத்துக்கொண்டது. மணி பதினொன்று. எரியோட்டில் அந்நேரத்தில் யாரிடம் போவது? மருத்துவமனைச் செவிலியர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, வெதுவெதுப்பான நீரை மெல்ல ஏற்றியும் இழுத்தும் முக்கால் மணி நேரம் போராடினேன். வலுவாக அழுத்தக்கூடாது, அழுத்தினால் குழாய் கிழியும் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். என் கை நடுங்கியது. திறந்தபோது என் துணைவியார் என்னைப் பார்த்து, "பரீச்சை பாஸ்" என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

உதட்டை மட்டும் அசைத்தார் என்றதற்குக் காரணம் உண்டு. அறுவையின்போது குரல்நாணை இயக்கும் நரம்பு பாதிக்கப்படக்கூடும் என்று முன்னரே எச்சரித்திருந்தார்கள், அது நேர்ந்தது. கொல்லையிலிருந்து கூப்பிட்டால் தெருமுனைக்குக் கேட்கும் குரல், காற்றாகிப் போனது. குரல்நாண் சரியாக மூடாததால் தண்ணீர் குடித்தால் புரையேறும். அது நுரையீரலுக்குப் போனால் காய்ச்சலாக முடியும். முகவாயை மார்பை நோக்கித் தாழ்த்தி, சிறு மிடறாக விழுங்கப் பயிற்சி கொடுத்தார்கள். நான் எதிரே உட்கார்ந்து என் முகவாயையும் தாழ்த்துவேன். எங்கள் இருவரையும் பார்த்த கொழுந்தியாள், "ரெண்டு பேரும் என்ன சாமி கும்பிடுறீங்களா" என்றாள்.

ஆங்கில எழுத்தாளர் கிறிஸ்டோபர் ஹிட்சென்ஸ் 2010இல் இதே நோய்க்கு ஆளாகி 2011 டிசம்பரில் மறைந்தார். மேடைப் பேச்சால் புகழ்பெற்ற அவர் தம் குரல் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார். நோய்நாட்களில் அவர் எழுதியவை 2012இல் நூலாக வெளிவந்தன. அதன் இறுதியில் அவர் மனைவி கரோல் புளூ எழுதிய சில பக்கங்கள் உள்ளன. நான் அந்த நூலைக் கடைசியிலிருந்து படித்தவன்.

வாய்வழி உணவு இல்லாத அந்த இருபத்திரண்டு நாட்களில் எனக்கு விளங்காத ஒன்று நடந்தது. அவர் சமையல் குறிப்புச் சொல்லத் தொடங்கினார். கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, மொச்சைக் குழம்பு, கம்பஞ்சோற்றுக்கு வைக்கும் கருவாட்டுக் குழம்பு. என் கவிதைக் குறிப்பேட்டில் எழுதித் தருவார். புரியாததை நான் கேட்பேன். உப்பு எவ்வளவு என்றால், உள்ளங்கையைக் குவித்துக் காட்டுவார். முப்பத்தைந்து ஆண்டுகள் உண்ட குழம்புகள். பசியை இப்படித் தூண்டிக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். "அவங்க சாப்பிடுறாங்க, விடுங்க" என்றார் அவர்.

நான் நல்லவனாகவே நடந்துகொண்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். மீண்டும் வாய்வழி உண்ணத் தொடங்கியபோது, "இன்னும் ஒரு வாய்" என்று நாளெல்லாம் கெஞ்சினேன். ஒருநாள் அவர் கிண்ணத்தைத் தள்ளிவிட்டார். நான் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். அந்த நசுங்கல் இன்னும் டம்ளரில் இருக்கிறது. மறுநாள் உணவியலாளர் எனக்குத்தான் அறிவுரை சொன்னார்: கெஞ்சாதீர்கள், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை, சிறு கிண்ணத்தில் வையுங்கள், எதிரே உட்காருங்கள், மீதியை அளந்து எழுதுங்கள். பொரிக்கும் வாசனை அவருக்குக் குமட்டும் என்பதால் நான் டீக்கடையில் வடை தின்றுவிட்டு வாயைக் கொப்பளித்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்த நாட்களும் உண்டு. கள்ளுக்கடைக்குப் போய் வந்தவனைப்போல் கூசினேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது.

மூன்றாம் மாதம் இணைப்பிடம் தழும்பேறிச் சுருங்கியது. மீண்டும் சோறு இறங்கவில்லை என்றபோது நோய் திரும்பிவிட்டதென்றே இருவரும் அஞ்சினோம். தழும்புதான் என்றார்கள். ஐந்து முறை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் சிறுமலை வாழைப்பழத்தை மசித்துத்தான் சோதனை. பழம் இறங்கினால் அன்று எங்களுக்குத் திருவிழா.

மற்றொன்று, உறவினர் வீட்டுக் காதுகுத்தில் நேர்ந்தது. அரைக் கிண்ணம் பாயசம் குடித்த கால் மணி நேரத்தில் அவருக்கு வியர்த்து, நெஞ்சு படபடத்து, கண் இருண்டது. மயக்கம் என்று சர்க்கரைத் தண்ணீரோடு ஓடிவந்தார்கள். நான் தடுத்தேன். இரைப்பை தன் பழைய வடிவத்தில் இல்லை. இனிப்பு அங்கே தங்காமல் குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டுகிறது. அதனால் வரும் படபடப்பு அது. மேலும் சர்க்கரை கொடுத்தால் மேலும் கூடும். படுக்க வைத்தேன், அரைமணியில் தெளிந்தார். கட்டிய மனைவிக்குச் சர்க்கரைத் தண்ணீர் தரவிடாத கல்நெஞ்சன் என்று அன்று பெயர் வாங்கினேன். ஆனால் உண்ட இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இதே வியர்வை வந்தால் அது சர்க்கரை குறைந்ததனால் இருக்கலாம். அப்போது கொடுக்கத்தான் வேண்டும். மணி பார்த்து வைக்காதவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைக்கச் சொல்லிக் கொடுத்தவர் நத்தம் பக்கத்து மாட்டு வியாபாரி ஒருவர். அவர் மனைவிக்கும் இதே அறுவை. படுத்தால் உண்டது மேலேறி வருவதைத் தடுக்க அதுதான் வழி. மருத்துவரும் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்லியிருந்தார். செங்கலைச் சொன்னவர் இவர். அவர் மனைவி அந்த ஆண்டு மார்கழியில் காலமானார். செங்கற்கள் எங்கள் வீட்டில் இன்றும் அதே இடத்தில் இருக்கின்றன.

கவிஞர்களுக்கு ஒன்று. இந்த வட்டத்தின் இரண்டாம் ஆண்டுக் கவியரங்கில் ஊழலைப் புற்றுநோய் என்று நான் பாடி, நீங்கள் கைதட்டினீர்கள். மலரிலும் அச்சாகியிருக்கிறது. புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அந்த வரியை நினைத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தவர் எந்த ஊழலும் செய்யாதவர். உங்களுக்கு நான் விதி வகுக்கவில்லை. என் தொகுப்பின் மறுபதிப்பில் அந்தக் கவிதை இருக்காது.

ஒருவர் உண்ணும்போது பார்க்கக்கூடாது, கண் படும் என்று என் அத்தை சொல்வார். மூன்று ஆண்டுகளாக ஒவ்வொரு வேளையும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். விழுங்கும்போது தொண்டை ஏறி இறங்குவதை, இறங்காதபோது கண்ணோரம் சுருங்குவதை, இருமலுக்கு முன் வரும் சிறு தயக்கத்தை. இப்பொழுது அவர் எடை நாற்பத்து மூன்று கிலோ. குரல் பாதி திரும்பியிருக்கிறது. ஆறு மாதத்திற்கு ஒருமுறை சோதனைக்குப் போகிறோம், அடுத்தது ஆவணியில்.

மணி பதினொன்றரை ஆகிறது. இது அவருடைய நான்காவது வேளை. மசித்த பருப்புச்சோறு பையில் இருக்கிறது. அவர் உண்ணும்போது எதிரே நான் இருக்க வேண்டும். அவை எனக்கு விடை தர வேண்டுகிறேன்.