கடை திறந்தால் போதுமா? வழியும் தெரியணும்!

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. இணையதளத்தைப் பத்திப் பேசச் சொன்னதும் பயந்துட்டேன். ஆனா நாங்க பட்ட பாட்டைச் சொன்னா, இன்னொரு குழு அதையே படாம இருக்கும்னுதான் வந்தேன்.

நம்ம தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989இல் தர்மபுரியில் ஆரம்பிச்சு, பிறகு சேலத்துக்கும் வந்தது. அன்னைக்குச் சேமிப்பும் கடனும்தான் பேச்சு. இன்னைக்கு நாம பொருள் செய்யறோம். செஞ்சதை விக்கிறதுதான் பெரும்பாடு.

எங்க குழுவில் 12 பேர். குச்சிக்கிழங்கு அப்பளம், ஜவ்வரிசி வத்தல் போடறோம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைச்சது. அந்தப் பேரு இருக்கேன்னு ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு இணையதளம் செஞ்சோம். ஆறு மாசம் ஆச்சு, ஒரு ஆர்டர் வரலை. என் பொண்ணு செல்லில் "கெங்கவல்லி ஜவ்வரிசி வத்தல்"னு தேடினா, எங்க கடை வரவே இல்லை. மழை வந்தா வத்தல் நமுத்துப் போகும். பணம் போட்ட அக்காங்க முகத்தைப் பார்க்க முடியலை.

கம்ப்யூட்டர் படிக்கிற என் நாத்தனார் மகன்தான் விளக்கினான். சில பக்கம் முன்கூட்டியே எழுதி வெச்சிருக்கும். சில பக்கம், நாம கேட்ட பிறகு தோசை வார்க்கிற மாதிரி, அப்பத்தான் தயாராகும். எங்க கடை ரெண்டாவது வகை. பொருளைப் பட்டியலில் தேர்ந்தெடுத்து பட்டனை அமுக்கினாத்தான் பக்கமே வரும்.

கூகுள், ஊர் ஊரா நடக்கிற ஆள் மாதிரி, ஒரு இணைப்பிலிருந்து அடுத்த இணைப்புக்குப் போய்ப் படிக்குது. பெட்டியில் எழுதித் தேடி, பட்டனை அமுக்கி எல்லாம் பொதுவா பொருள் கேட்காது. அதனால எங்க வத்தல் பக்கம் அதோட கண்ணிலேயே படலை.

முகவரியில் கேள்விக்குறி இருந்தா கூகுள் படிக்காதுன்னு சிலர் சொல்லுவாங்க. அது பழைய கதை. அப்படிப்பட்ட முகவரியையும் படிக்க முடியும்னு 2008லேயே கூகுள் சொல்லிடுச்சு. குறை, போறதுக்கு வழி இல்லாததுதான்.

நாங்க செஞ்சது இவ்வளவுதான்:

ஒன்று, முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொரு பொருளுக்கும் இணைப்பு கொடுத்தோம்.

இரண்டு, எல்லாப் பக்கத்துக்கும் "முகப்பு"ன்னே தலைப்பு இருந்தது. அதை மாத்தி, அந்தந்தப் பொருள் பேரையும் ஊர்ப் பேரையும் வெச்சோம். முகவரியிலும் எண்ணுக்குப் பதிலா பொருள் பேரு.

மூன்று, விலை வரிசை, எடை வரிசைன்னு ஒரே பக்கம் நாலு முகவரியில் வந்தது. எது அசல்னு குறிச்சுக் காட்டினோம். இதுக்கான குறியை 2009இல் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் மூணும் ஏத்துக்கிட்டதாம்.

நாலு, எல்லாப் பக்கமும் அடங்கிய தளவரைபடப் பட்டியலை, கூகுளின் இலவசமான சர்ச் கன்சோலில் கொடுத்தோம்.

ஐந்து, விவரத்தைப் படத்துக்குள்ளேயே அச்சடிக்காம எழுத்தா எழுதினோம். குச்சிக்கிழங்குன்னு தேடுறவங்களும் உண்டு, மரவள்ளின்னு தேடுறவங்களும் உண்டு. ரெண்டு பேரையும் எழுதினோம்.

சில வாரத்தில் பொருள் பக்கங்கள் தேடலில் வர ஆரம்பிச்சது. கோயமுத்தூரிலிருந்து முதல் ஆர்டர், அஞ்சு கிலோ வத்தல். பெரிய வியாபாரம் இல்லைதான். ஆனா அந்தப் பார்சலை ஆத்தூருக்குக் கொண்டுபோய் அனுப்பின அன்னைக்கு எங்க 12 பேருக்கும் தூக்கம் வரலை.

கடைசியா ஒரு எச்சரிக்கை. "காசு கொடுங்க, கூகுளில் முதலிடம் வாங்கித் தரேன்"னு வர்றவங்களை நம்பாதீங்க. விளம்பரத்துக்குத்தான் காசு. மத்தபடி வர்ற தேடல் முடிவில் இடம் பிடிக்க கூகுள் காசு வாங்கறதில்லை.

இணையதளம் செஞ்சு கொடுத்தவங்களுக்குக் கடைசித் தவணை கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்யுங்க. கூகுளில் "சைட்"னு ஆங்கிலத்தில் அடிச்சு, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாம உங்க முகவரியை அடிங்க. உங்க பக்கங்கள் வருதான்னு பாருங்க. வரலைன்னா காரணம் கேளுங்க. நம்ம சேமிப்புப் பணம், கேட்க நமக்கு உரிமை உண்டு.