சாவித்திரியும் செத்துப்போன அப்பாவும்

(உத்தமபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டது குழந்தைகளின் படக்கதைப் புத்தகம். இதுவும் ஒரு விஷயமா என்று நீங்கள் நினைக்கலாம். சில நாள் முன்புவரை நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தேன். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போன மனிதர் ஜீப் கவிழ்ந்து மாண்டு போனார். அவருடைய மகளுக்கு எட்டு வயதிருக்கும். யாரோ கொடுத்த சாவித்திரி படக்கதையை மடியில் வைத்துக் கொண்டு அந்தக் குழந்தை, "நீயும் எமன் பின்னாலேயே போய் அப்பாவைக் கேட்டிருக்கக் கூடாதா அம்மா?" என்றது. அந்த அம்மாள் வாய் திறக்கவில்லை. கூடியிருந்தவர்களில் ஒருவராவது, "அது கதையம்மா" என்று சொன்னார்களா? இல்லை. "அதற்கெல்லாம் பத்தினியாய் இருக்க வேண்டும்" என்றாள் ஒரு கிழவி! தோழர்களே, புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு இதைவிடப் பெரிய அடி வேறுண்டா?

அனந்த் பை என்பவர் 1967-ல் தொடங்கிய "அமர் சித்திரக் கதை" வரிசையில் சாவித்திரியும் உண்டு. படம் போட்டதை நான் குற்றம் சொல்லவில்லை. வீட்டிலும் கோயிலிலும் அதை நடந்ததாகவே சொல்லி வைத்திருக்கிறோமே, அதுதான் குற்றம். ஒருத்தி கற்பினால் புருஷனை மீட்டாள் என்பது உண்மையானால், மீட்காத தாய்மார்கள் எல்லோரும் குற்றவாளிகள் என்றுதானே அர்த்தம்?

அமெரிக்காவில் ஜார்ஜ் ஓ'கானர் என்பவர் 2010 முதல் 2022 வரை கிரேக்கப் புராணங்களைப் பிள்ளைகளுக்காக 12 படக்கதைகளாக வெளியிட்டார். 2012-ல் வந்த நான்காவது புத்தகம் அவர்களுடைய எமனாகிய ஹேடிஸைப் பற்றியது. பயிர்த் தெய்வமான டெமட்டரின் மகள் பெர்செபனியை அவன் பாதாளத்துக்குத் தூக்கிப் போகிறான். தாய் துக்கத்தில் அலைகிறாள். பூமி விளையாமல் போகிறது. முடிவில் மகள் வருகிறாள். ஆனால் பாதாளத்தில் மாதுளை விதை தின்றுவிட்டதால், வருஷத்தில் சில மாதம் அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

இதுவும் கட்டுக்கதைதான். நம் கம்பம் பள்ளத்தாக்கில் நெல் விளைவது 1895-ல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீரால். எந்தத் தெய்வத்தாயின் சிரிப்பாலுமல்ல. ஆனால் அங்கே அதைக் கதையென்று சொல்லியே குழந்தை கையில் கொடுக்கிறார்கள். ஆகவே, பெற்றவள் அழுவது குற்றமல்ல, போனது முழுவதும் திரும்பாது என்ற இரண்டை மட்டும் எடுத்துக் கொண்டு குழந்தை மற்றதை விட்டுவிடலாம்.

"கதையில்லாவிட்டால் பச்சைப் பிள்ளைக்கு ஆறுதல் ஏது?" என்று கேட்பார்கள். தாராளமாகக் கதை சொல்லுங்கள். கதையென்று சொல்லிச் சொல்லுங்கள். "அப்பா தூங்குகிறார்" என்றால் குழந்தை தூங்கப் பயப்படும். "சாமி கூட்டிக் கொண்டது" என்றால், நம்மையும் கூட்டிக் கொள்ளுமோ என்று நடுங்கும்.

நான் அந்தக் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பா இனி வரமாட்டார். அவருக்கு இப்போது வலியில்லை. இது உன் தப்புமல்ல, அம்மா தப்புமல்ல" என்றேன். அது வெகுநேரம் அழுதது. பிறகு, "அப்படியானால் ஜீப் ஏன் கவிழ்ந்தது?" என்று கேட்டது.

தோழர்களே, இதுவல்லவா கேள்வி! இதற்குப் பதில் உண்டு. கொள்ளாத ஆளை ஏற்றினார்கள், அதனால் கவிழ்ந்தது. எமனை யாரும் வழிமறிக்க முடியாது. நாளைக் காலையில் கூலியாட்களை அடைத்துக் கொண்டு மலையேறும் ஜீப்பை நாம் வழிமறிக்க முடியும். அதற்கு எத்தனை பேர் வருகிறீர்கள் என்று கேட்டு, என் பேச்சை முடித்துக் கொள்கிறேன்.