‘வீடு’ திரைப்படம் உழவர் குடும்பத்திற்குச் சொல்லும் கணக்கு

(மல்லசமுத்திரத்தில் உழவர் குடும்பங்களிடையே ஆற்றிய உரை)



கடலையைப் பற்றியும் பருத்தியைப் பற்றியும் பேச வேண்டியவன் சினிமாவைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று நீங்கள் நினைக்கலாம். பயிரில் பாடுபட்டுச் சேர்த்த பணம் வீட்டில் எப்படிக் கரைகிறது என்பதைச் சொல்ல, ஒரு நல்ல தமிழ்ப் படம் எனக்குத் துணையாக இருக்கிறது. அது 1988-ல் பாலு மகேந்திரா இயக்கிய ‘வீடு’. தேசிய விருது பெற்ற படம். அதில் நடித்த அர்ச்சனாவுக்கும் சிறந்த நடிகை என்ற தேசிய விருது கிடைத்தது. தம் தாயார் வீடு கட்டியபோது பட்ட பாட்டிலிருந்தே இந்தக் கதை பிறந்தது என்று இயக்குநர் கூறியிருக்கிறார்.

கதை எளியது. சென்னையில் வேலை பார்க்கும் சுதா என்ற பெண், தாத்தாவோடும் தங்கையோடும் வாடகை வீட்டில் இருக்கிறாள். வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். கட்டுப்படியாகும் வாடகைக்கு வேறு வீடு கிடைக்கவில்லை. தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனைகள் உண்டு. ஒன்றை விற்று, கடனும் வாங்கி, மற்றதில் வீடு கட்டத் தொடங்குகிறாள். பணம் போதவில்லை. மழை குறுக்கிடுகிறது. சிமெண்ட் திருட்டுப் போவதைச் சித்தாள் மங்கம்மா சொல்லித்தான் சுதாவுக்குத் தெரிகிறது. நகை கைவிட்டுப் போகிறது. அரைகுறை வீட்டை ஆசையோடு பார்த்துவிட்டுத் திரும்பிய தாத்தா இறந்து போகிறார். கடைசியில், அந்த மனையைக் குடிநீர் வாரியம் முன்பே கையகப்படுத்திவிட்டது என்று தெரிய வருகிறது.

சுதா செய்த தவறு என்ன? அவள் ஆடம்பரம் செய்யவில்லை. பட்டுப்புடவை வாங்கவில்லை. சிக்கனமாக இருந்தவள்தான் சிக்கிக்கொண்டாள். “நான் வீண் செலவு செய்வதில்லை, எனக்கென்ன கவலை?” என்று சொல்லும் குடும்பங்களுக்குத்தான் இந்தப் படம். ஆகவே நான்கு செய்திகளைச் சொல்கிறேன்.

1. முதலில் காகிதம், பிறகு கடப்பாரை

மனையில் கடக்கால் தோண்டும் முன் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று மூன்றையும் பாருங்கள். “பாட்டன் காலத்து நிலம், இதிலென்ன வில்லங்கம்?” என்று இருந்துவிட வேண்டாம். சுதாவின் மனையும் தாத்தாவின் மனைதான். சாலைக்கோ, குழாய்க்கோ, வேறு பொதுப் பணிக்கோ அந்த இடத்தை எடுக்கும் உத்தேசம் உண்டா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

2. மதிப்பீட்டின் மேல் ஒரு பங்கு

கொத்தனார் சொல்லும் தொகையோடு எந்த வேலையும் முடிவதில்லை. 5 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டால், 6 லட்சத்திற்கு வழி தெரிந்த பிறகே தொடங்குங்கள். முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். கடக்கால், சுவர், கூரை என்று வேலை முடிய முடியக் கொடுங்கள். வந்த மூட்டை எத்தனை, செலவான மூட்டை எத்தனை என்று வீட்டில் ஒருவர் அன்றாடம் எழுதி வர வேண்டும்.

3. பயிர்ப் பணம் சுவருக்குள் போகக் கூடாது

சுதாவுக்கு மாதச் சம்பளம் உண்டு. உங்களுக்கு அப்படி இல்லை. இங்கே கூட்டுறவு விற்பனைச் சங்கத்தில் பருத்தி ஏலம் போன அன்றுதான் கையில் மொத்தமாகப் பணம் புரள்கிறது. அத்தனையும் இலாபம் போலத் தோன்றும். அதில் அடுத்த போகத்தின் விதையும் உரமும் கூலியும் அடங்கியிருக்கின்றன.

என் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் பள்ளியில் படித்த நாளில் என் தந்தையார் கடலை விற்ற பணம் முழுவதையும் வீட்டுக் கடக்காலில் போட்டார். அடுத்த போகத்தில் விழுது இறங்கும் தருணத்தில் ஜிப்சம் வாங்கக் காசில்லை. விதைத்த 40 முதல் 45 நாளுக்குள் எக்டருக்கு 400 கிலோ, அதாவது ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்தால்தான் காய் திரண்டு பருப்பு நிறையும். எங்கள் காட்டில் பொக்குக் காய்தான் மிஞ்சியது. விளைச்சல் குறைந்ததால் வீட்டு வேலையும் நின்றது. பாதிச் சுவர் மூன்று மழைக்காலம் நனைந்தது. ஜிப்சத்திற்குத் தேதி உண்டு, சுவருக்குத் தேதி இல்லை. தேதி உள்ள செலவுக்கு முதலில் பணத்தை ஒதுக்குங்கள்.

4. வட்டியை ஆண்டுக்குக் கணக்கிடுங்கள்

“மூன்று வட்டிதானே” என்று வாங்கிவிடுகிறோம். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால், ஒரு லட்சத்திற்கு மாதம் 3,000, ஆண்டுக்கு 36,000 ரூபாய். மூன்றே ஆண்டில் வட்டி 1,08,000 ரூபாய். அசலைத் தாண்டிவிட்டது, அசலோ அப்படியே நிற்கிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வாங்கும் பயிர்க்கடனைத் தவணைக்குள் கட்டினால் நம் மாநிலத்தில் வட்டியே இல்லை. அந்தக் கடனைக் கட்டடத்தில் போட்டுத் தவணை தவறினால், அந்தச் சலுகையையும் இழக்கிறோம்.

இவை எல்லாவற்றிற்கும் அடிப்படை, கணக்கு வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பது. என் தாயாரின் சங்கிலி அடகுக்குப் போனது அவருக்குத் தெரியும். மொத்தக் கடன் எவ்வளவு என்பது, நகை ஏல அறிவிப்பு வந்த அன்றுதான் தெரிந்தது. தந்தையார் மறைக்க வேண்டுமென்று மறைக்கவில்லை. வீட்டில் சொல்லி ஏன் கவலைப்படுத்த வேண்டும் என்று இருந்துவிட்டார். சொல்லியிருந்தால், பால் பணத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்தாவது நகையை மீட்டிருப்பேன் என்று தாயார் இன்றும் சொல்லுவார்.

ஆகவே, தாய்மார்களே, இன்று வீடு திரும்பியதும் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். ஒரு பக்கத்தைப் பயிருக்கும், ஒரு பக்கத்தைக் குடும்பத்திற்கும், ஒரு பக்கத்தைக் கடனுக்கும் வையுங்கள். வாரம் ஒருநாள் கணவரும் மனைவியும் வளர்ந்த பிள்ளைகளும் கூடி உட்கார்ந்து எழுதுங்கள். வீடு கட்ட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணின் ஈரம் பார்த்து விதைக்கும் நாம், கையிருப்பைப் பார்த்துக் கடக்கால் போடுவோம் என்றே சொல்கிறேன்.