வாலியை மறைந்து அடித்த நியாயம்
(பொதுக்கூட்டம் ஒன்றில் செய்த சொற்பொழிவின் சாரம்)



காவிய வீரனின் வில் எவ்வளவு பெரிது என்று பண்டிதர்கள் பாடட்டும். அதை யார்மேல், எப்படிப் பிரயோகித்தான் என்றுதான் நாம் கேட்கவேண்டும். வால்மீகி கிஷ்கிந்தா காண்டம் 17-வது சர்க்கத்தில், அடிபட்டுக் கிடக்கும் வாலி, வேறொருவனோடு போரிட்டவனை ஒளிந்து கொன்றது நியாயமா என்கிறான். 18-வது சர்க்கத்தில் ராமன் பதில் சொல்லுகிறான். பூமி முழுதும் இக்ஷ்வாகு வம்சத்தாருடையதாம். தம்பி மனைவியை அபகரித்தவனுக்கு மரண தண்டனையாம். சரி, அது குற்றந்தான். நான் வாலிக்கு வக்கீல் அல்ல. ஆனால் அதோடு, நீ குரங்கு, மிருகத்தை மறைந்து அடிப்பதில் தோஷமில்லை என்றும் சொல்லுகிறானே! குரங்கென்றால் அதற்கு மனித தர்மம் ஏது? தர்மத்துக்குக் கட்டுப்பட்டவனென்றால் விசாரணையின்றி ஒளிந்து அடிப்பானேன்? நீதிபதியும் வேடனும் ஒரே ஆளாய் வந்தால் சிக்கினவன் கதி என்ன?

கம்பருக்கே இது உறுத்தியிருக்கவேண்டும். அவர் காவியத்தில் குரங்கென்ற சாக்கைச் சொல்லுகிறவன் வாலி. அதை மறுக்கிறவன் ராமன். அப்படியானால் மறைந்ததேன் என்ற கேள்விக்கு ராமன் வாய் திறக்கவில்லை. இலட்சுமணன் பேசுகிறான்: நேரில் வந்தால் நீயும் சரணடைவாய், உன் தம்பிக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று. சரணடையக்கூடியவனை, சரணடைய இடமில்லாதபடி கொன்றதாம்!

உங்களூருக்குக் காலட்சேபம் செய்ய வரும் பாகவதரை, இவ்விரண்டு பதிலில் எது சரியென்று கேளுங்கள். கோபித்துக்கொண்டால், மரியாதையாகவே இன்னொருமுறை கேளுங்கள்.